அம்பு எத்தனை மானைக் குறைக்கும்?

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் எங்கள் நியூ ஜெர்சி டவுன்ஷிப்பிலிருந்து, அதாவது எங்கள் ஊராட்சியிலிருந்து, ஒரு தாள் வரும். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் வில்வேட்டை நடக்கும், நடைபாதையை விட்டு விலகாதீர்கள் என்று அதில் இருக்கும். தாள் வந்த வாரம் எந்தத் தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் கூடினாலும் இதே பேச்சுதான். "இந்தக் காலத்திலும் மானை அம்பெய்து கொல்வார்களா? இப்படியே போனால் ஒன்றுகூட மிஞ்சாது" என்பார் ஒருவர். "வேட்டைக்காரன் இல்லையென்றால் மான் பெருகி ஊரையே மேய்ந்துவிடும், காட்டைக் காப்பாற்றுவதே அவன்தான்" என்பார் இன்னொருவர். ஆண்டுதோறும் இரண்டையும் கேட்கிறேன். இரண்டுமே கணக்குப் போடாமல் சொல்வது.

அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம். விலங்கியல் படித்திருக்கத் தேவையில்லை. ஆட்டுப்பட்டியும் கீரைப்பாத்தியும் பார்த்திருந்தால் போதும். வேட்டை சரியா தவறா என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது, அதற்குள் நான் போகவில்லை. வில்லும் அம்பும் மான்களின் எண்ணிக்கையை என்ன செய்கின்றன, எங்கே ஒன்றும் செய்வதில்லை என்பதுதான் நம் கேள்வி.

எந்த வேட்டையைப் பற்றிப் பேசுகிறோம்?

குழப்பம் தொடங்கும் இடமே இதுதான். வேட்டை என்ற ஒரே சொல்லால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு செயல்களைச் சொல்கிறோம்.

முதலாவது, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நடந்தது. இறைச்சிக்கும் தோலுக்கும் நகரங்களில் சந்தை இருந்தது, ஏற்றிப்போக ரயில் வந்திருந்தது. எத்தனை கொல்லலாம், எந்த மாதத்தில் கொல்லலாம் என்பதற்குப் பெரும்பாலான இடங்களில் வரம்பே இல்லை. 1900 வாக்கில், நாட்டின் பெரும்பகுதியில் நிறைந்திருந்த வெள்ளைவால் மான்களில் மிஞ்சியவை சுமார் 3 முதல் 5 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். பல மாநிலங்களில் ஒரு மானைக் கண்டால் அது செய்தியாகும் நிலை. வேட்டையால் இனம் அழியும் என்பவர்கள் வெறுங்கையோடு பேசவில்லை. அது நடந்த கதை.

இரண்டாவது, அதற்குப் பின் வந்தது. 1900இல் லேசி சட்டம் வந்தது. ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்பதை அது தடுத்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பருவம், உரிமம், வரம்பு என்று வகுத்தன. இன்று அந்த மான்கள் சுமார் 3 கோடி. இத்தனை பெருகிய காலத்தில் வேட்டையும் பெரும்பாலான மாநிலங்களில் நடந்துகொண்டுதான் இருந்தது.

தமிழ்நாட்டுக் கடற்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் செய்ய 61 நாள் விட்டுவைத்து, மற்ற நாளில் பிடிக்கிறோம். அமெரிக்க மான்வேட்டை இதையே இன்னும் இறுக்கிக் கட்டியது. மான் யாருடைய நிலத்தில் மேய்ந்தாலும் நிலக்காரருக்குச் சொந்தமில்லை, அந்த மாநிலத்து மக்களின் பொதுச்சொத்து. அதில் ஒன்றை எடுக்க ஒரு சீட்டு வேண்டும். அதற்கு 'டேக்' என்று பெயர். ஒரு டேக்குக்கு ஒரு மான். ஆண் மானுக்கான டேக்கைக் கொண்டு பெண் மானை எடுக்க முடியாது. எந்த வட்டாரத்துக்கு எத்தனை டேக் என்பதை மாநில வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் முடிவு செய்கிறது.

ஆகவே, இனி வேட்டை என்று எழுதும்போதெல்லாம் டேக்கோடு நடக்கும் வேட்டையைத்தான் சொல்கிறேன். திருட்டு வேட்டையையும் அன்றைய சந்தை வேட்டையையும் இதில் சேர்க்கவில்லை.

ஆட்டுப்பட்டிக் கணக்கு

ஒரு பட்டியில் 20 பெட்டை ஆடு, 20 கிடா. பணமுடை வந்து 15 கிடாக்களை விற்றுவிடுகிறீர்கள். அடுத்த ஆண்டு எத்தனை பெட்டை குட்டி போடும்? அதே 20தான். மிச்சமுள்ள 5 கிடாக்கள் போதும். கிடாக்களுக்குப் பதில் 15 பெட்டைகளை விற்றிருந்தால்? குட்டி போட 5தான் இருக்கும். விற்றது இரண்டிலும் 15, ஆனால் பட்டியின் அடுத்த ஆண்டு ஒன்றுக்கொன்று தலைகீழ். ஆடு வளர்த்த எந்தப் பாட்டிக்கும் இது தெரியும். அதனால்தான் கறிக்குப் போவது கிடாவாக இருக்கிறது.

மானும் அப்படியே. ஒரு ஆண் பல பெண்களோடு சேரும். எனவே ஒரு காட்டில் எத்தனை ஆண் மானைக் கொன்றாலும், ஓரளவு மிஞ்சியிருக்கும்வரை, அடுத்த ஆண்டுப் பிறப்பு அசையாது. எண்ணிக்கையை ஏற்றவும் இறக்கவும் கூடிய பிடி பெண் மான்களிடம்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கொன்ற கருவி வில்லா துப்பாக்கியா என்று கேட்பதற்கு முன்னால், கொன்றது ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலங்கள் மானைப் பெருக்க எடுத்த வழியும் இதுதான். பெண் மானைத் தொடாதே, கொம்புள்ளதை மட்டும் எடு என்றார்கள். பெருகியது. பெருகியபின் குறைக்க வேண்டிய காலம் வந்தபோது, பெண் மானைக் கொல்வது பாவம் என்ற எண்ணம் வேட்டைக்காரர்களின் இரண்டு மூன்று தலைமுறைகளில் ஊறிப்போயிருந்தது. அதை மாற்ற வனவிலங்குத் துறைகள் இன்றும் படாதபாடு படுகின்றன. விஸ்கான்சின் மாநிலம் 1996இல் சில வட்டாரங்களில் ஒரு விதி கொண்டுவந்தது: முதலில் ஒரு பெண் மானை எடுத்துக் காட்டு, பிறகுதான் கொம்புள்ளதை எய்ய அனுமதி. மான் குறைந்தது. வேட்டைக்காரர்களின் கோபம் வளர்ந்தது. 2011இல் அந்த விதியைச் சட்டம் போட்டே நீக்கிவிட்டார்கள்.

பெருக்கம் எவ்வளவு வேகமானது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் மிச்சிகனில் இருக்கிறது. ஜார்ஜ் ரிசர்வ் என்ற இடத்தில் 1,146 ஏக்கரைச் சுற்றி உயரமான வேலி. 1928இல் அதற்குள் 6 மான்களை விட்டார்கள், 2 ஆண், 4 பெண். ஆறாவது ஆண்டு குளிர்காலத்தில் எண்ணியபோது 160 இருந்தன. பல பத்தாண்டுகள் கழித்து, 1975இல், ஆய்வுக்காகவே மந்தையை 10 மானாகக் குறைத்தார்கள். 1980இல் 212.

பத்து மான் ஐந்தே ஆண்டில் இருநூறைத் தாண்டியது என்பதைச் சற்று நின்று யோசியுங்கள். தீனி நிறைந்த இடத்தில் மானை "ஒருமுறை குறைத்துவிட்டால் முடிந்தது" என்று ஒன்று கிடையவே கிடையாது.

கீரைப்பாத்தியும் காடும்

அடுத்த குழப்பம் சற்று நுட்பமானது. ஒரு மானைக் கொன்றால் காட்டில் ஒரு மான் குறையும், இதில் என்ன சந்தேகம் என்று தோன்றும். அப்படிக் குறையாமலும் போகலாம்.

பாத்தியில் கீரை விதையை நெருக்கித் தூவிவிட்டோம் என்று வையுங்கள். முளைத்தவை எல்லாம் ஒன்றையொன்று நெருக்கும். பாதி தானாகவே வாடும். நடுவில் கொஞ்சத்தைப் பிடுங்கிக் குழம்புக்குப் போட்டால் மிச்சம் தழைக்கும். மாதக் கடைசியில் பிடுங்கிய பாத்தியிலும் பிடுங்காத பாத்தியிலும் ஏறக்குறைய அதே கீரைதான் இருக்கும். எப்படியும் வாடியிருக்கக் கூடியதைத்தான் நாம் எடுத்தோம். அதே பாத்தியில் ஆங்காங்கே பத்தே செடி நின்றிருந்தால்? அப்போது பிடுங்கிய ஒவ்வொன்றும் நிஜமாகவே ஒரு இழப்பு.

ஓர் இடத்தின் தீனியும் மறைவிடமும் நீண்டகாலத்துக்கு எத்தனை விலங்கைத் தாங்குமோ, அந்த அளவுக்குத் தாங்குதிறன் என்று பெயர். மந்தை தாங்குதிறனை நெருங்கி நிற்கும்போது, கடும் குளிர்காலம் பலவீனமானவற்றை எப்படியும் கொல்லும். இலையுதிர் காலத்திலேயே வேட்டையில் சில போனால், மிஞ்சியவற்றுக்குத் தீனி கூடும். பட்டினிச் சாவு குறையும். வசந்தத்தில் ஒற்றைக் குட்டி போடவேண்டிய தாய் இரட்டைக் குட்டி போடும். வேட்டையால் போனதை இயற்கை நிரப்பிவிடுகிறது. இதை ஈடுகட்டப்படும் சாவு என்பார்கள். தீனி நிறைய இருந்து மந்தை சிறியதாக இருந்தால் கதை வேறு. அந்த மான் எப்படியும் பிழைத்திருக்கும். அம்பு அதைக் கொன்றால் அது மேலதிகமாக ஒரு சாவு. அதற்குக் கூடுதல் சாவு என்று பெயர்.

வேட்டையை ஆதரித்துப் பேசுபவர்கள் பலர் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள்: "எப்படியும் பட்டினியில் சாகப் போவதுதான்." எங்கள் புறநகரில் அது பெரும்பாலும் உண்மையில்லை. இங்கே ரோஜாச் செடியும் புல்தரையும் குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கும் வேலிப்புதரும் இருக்கின்றன. வயதுவந்த பெண் மானைப் பெரும்பாலும் கார்தான் கொல்லும். அதனால் இங்கே விழும் அம்பு பெரும்பாலும் கூடுதல் சாவைத்தான் உண்டாக்குகிறது. எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், கூடுதல் சாவாக இருந்தால்தான் குறையவும் செய்யும். மான் குறைய வேண்டும் என்றும், கொன்றதெல்லாம் எப்படியும் சாகவேண்டியவை என்றும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது.

எல்லாப் பெருவிலங்குக்கும் ஒரே கணக்கைப் போடவும் கூடாது. வெள்ளைவால் மான் ஆண்டுதோறும் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். எல்க் என்ற பெரிய மான் ஒன்று போடும். கருங்கரடி குட்டி போடத் தொடங்கவே சில ஆண்டு ஆகும், பிறகும் ஓராண்டு விட்டு ஓராண்டுதான். மலையில் வாழும் பெருங்கொம்பு ஆடு ஒற்றைக் குட்டிக்காரி, அதன் கூட்டங்களும் சிறியவை. அதனால் மானுக்குத் தாராளமாக டேக் தரும் மாநிலமே பெருங்கொம்பு ஆட்டுக்கு விரல்விட்டு எண்ணக் கூடிய டேக்கைக் குலுக்கல் முறையில் தருகிறது.

இதைப் படித்துவிட்டு நம் ஊர்ப் புள்ளிமானுக்கும் இதே வைத்தியம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. முதுமலையில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் அன்றாடம் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் கிழக்கில் ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் மனிதர்கள் எப்போதோ ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். கொயோட்டி என்ற ஓநாய் இனச் சிறு விலங்கும் கரடியும் குட்டிகளைப் பிடிக்கும், வளர்ந்த மானை அவ்வளவாகத் தொடுவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இந்தப் பேச்சு முழுவதும் நடக்கிறது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்ப்போம். எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெண் மான். மந்தை தாங்குதிறனை நெருங்கியிருந்தால் வேட்டைச் சாவில் ஒரு பங்கை இயற்கை ஈடுகட்டிவிடும், இல்லாவிட்டால் அது கூடுதல் சாவு. வில்லைப் பற்றி இன்னும் பேசவே இல்லை. இனிப் பேசலாம்.

வில் ஏன் குறைவாகக் கொல்கிறது

துப்பாக்கிக் குண்டு வேகத்தால் திசுக்களைச் சிதைத்துக் கொல்கிறது. அம்பில் அந்த வேகம் கிடையாது. அதன் முனையில் சவரக்கத்தி போன்ற பிளேடுகள் இருக்கும். நுரையீரல் அல்லது இதயம் வழியாக அறுத்துக்கொண்டு போய், ரத்தம் வடிந்து மான் விழ வேண்டும். சரியான இடத்தில் பட்டால் சில நொடிகளில் விழும். சற்றுத் தள்ளிப் பட்டால் வெகுநேரம் ஓடும்.

சரியான இடத்தில் பட வேண்டும் என்றால் கிட்டத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான வில்வேட்டைக்காரர்கள் 20 முதல் 30 கஜத்துக்குள் மான் வரும்வரை காத்திருக்கிறார்கள். காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். நவீன வில்லின் அம்பு நொடிக்குச் சுமார் 280 அடி போகும். ஒலி நொடிக்கு 1,100 அடி. 30 கஜம் என்பது 90 அடி. அம்பு போய்ச்சேர நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். நாண் அதிர்ந்த ஓசை பத்தில் ஒரு பங்குக்குள் போய்விடும். இடைப்பட்ட நேரத்தில் மான் திடுக்கிட்டு ஓடுவதற்காக உடம்பைத் தாழ்த்தும். நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேல் போகும். தூரம் கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும்.

அதனால் வில்வேட்டை என்பது பெரும்பாலும் காத்திருப்புதான். நம் ஊரில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கக் கட்டுவோமே, அதே பரண். மரத்தில் 15, 20 அடி உயரத்தில் கட்டி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து விடியுமுன் ஏறி உட்கார்ந்தால், பல நாள் வெறுங்கையோடுதான் இறங்க வேண்டும். கொலராடோவில் எல்க் வேட்டைக்கு வில்லோடு போகிறவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் ஒன்றோடு திரும்பினால் பெரிது.

மாநிலங்கள் வில்லை வரவேற்றதற்கு இந்தத் திறமைக்குறைவே காரணம். 1934இல் விஸ்கான்சின் மாநிலம் சாக், கொலம்பியா என்ற இரண்டு மாவட்டங்களில் வில்லுக்கென்றே ஒரு மான் பருவத்தை முதன்முதலில் திறந்தது. சுமார் 40 பேர் போனார்கள். விழுந்தது ஒரே ஒரு மான். வனவிலங்குத் துறையின் கண்ணால் பாருங்கள்: நூற்றுக்கணக்கான ஆட்களை மாதக்கணக்கில் காட்டுக்குள் அனுப்பலாம், மந்தைக்குப் பெரிய சேதம் வராது. துப்பாக்கிப் பருவம் பல மாநிலங்களில் ஒன்று, இரண்டு வாரம்தான், வில் பருவம் மூன்று நான்கு மாதம் என்பதன் காரணம் இதுதான். பருவம் நீளமாக இருப்பதைப் பார்த்துவிட்டு அழிவும் அதே அளவு பெரிதாக இருக்கும் என்று நினைப்பது நம்மவர்களின் தவறு.

ஆனால் அந்த 1934ஆம் ஆண்டு வில் இன்றைய வில் இல்லை. மிசூரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் வில்லின் முனைகளில் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லை உருவாக்கினார். 1969இல் காப்புரிமை கிடைத்தது. நாணை முழுக்க இழுத்தபின் கையில் தாங்க வேண்டிய பளு பாதிக்கும் கீழே போய்விடும், நிதானமாகக் குறிவைக்கலாம். கிணற்றில் கப்பி போட்டு நீர் இறைத்தவர்களுக்கு இந்த வசதி புரியும். அடுத்து வந்தது குறுக்குவில். துப்பாக்கி போலவே தோளில் வைத்து விசையைத் தட்டலாம். ஒஹாயோ 1976இலேயே இதை அனுமதித்தது. அங்கே ஆண்டுதோறும் எடுக்கப்படும் மான்களில் ஏறக்குறைய பாதி இன்று வில்லாலும் குறுக்குவில்லாலும்தான் விழுகின்றன. ஒரு வேட்டைக்காரர் எடுப்பது ஒன்றிரண்டு மான்தான். ஆனால் அப்படிப் பல லட்சம் பேர், நான்கு மாதம். சிறுதுளி என்று சொல்லி ஒதுக்க முடியாத தொகை அது.

துப்பாக்கி நுழைய முடியாத இடம்

மான் அதிகம் பெருகியிருப்பது அடர்காட்டில் என்று பலர் நினைக்கிறார்கள். காடும் வெளியும் தொட்டுக்கொள்ளும் விளிம்புதான் அதற்குப் பிடித்த இடம். படுக்க மரநிழல், மேய இளந்தளிர். அமெரிக்கப் புறநகரைப் போல அந்த விளிம்பு நீண்டு வளைந்து ஓடும் இடம் வேறில்லை. ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் ஒரு விளிம்புதான்.

அங்கே துப்பாக்கியால் சுட முடியாது. நியூ ஜெர்சியில் ஆள் குடியிருக்கும் கட்டடத்துக்கு 450 அடிக்குள் துப்பாக்கியோடு வேட்டையாடக் கூடாது. வில்லுக்கும் முன்பு அதே 450 அடிதான். 2010இல் வில்லுக்கு மட்டும் அதை 150 அடியாகக் குறைத்தார்கள், பரணிலிருந்து கீழ்நோக்கித்தான் எய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. கீழ்நோக்கி எய்தால், தவறிய அம்பு சில அடி தூரத்தில் மண்ணில் குத்தி நின்றுவிடும். வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் 450 அடி வட்டம் போட்டால் எங்கள் டவுன்ஷிப்பில் வேட்டைக்கு இடமே மிஞ்சாது. 150 அடி என்றால் மரத்தோப்புகள் பல திறந்துவிடுகின்றன. வில்லுக்கு வனவிலங்கு நிர்வாகத்தில் இருக்கும் உண்மையான இடம், என் பார்வையில், இதுதான். அது வலிமையான கருவி என்பதால் அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு எதுவும் உள்ளே போக முடியாத இடத்துக்குப் போகிறது என்பதால் எடுக்கிறார்கள்.

போனால் மட்டும் போதுமா? பெரும்பாலும் போதாது. தீனி நிறைந்த இடத்தில் மந்தையை ஏறாமல் நிறுத்தவே ஆண்டுதோறும் பெண் மான்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கை எடுக்க வேண்டியிருக்கிறது. வில்வேட்டைக்காரர் ஒருவரின் வீட்டு ஃப்ரீசர் ஒன்றிரண்டு மானில் நிறைந்துவிடும். நிறைந்தபின் அவர் காத்திருப்பது கொம்புக்காக, பெண் மானுக்காக அல்ல. மான் குறையக் குறைய அடுத்ததைப் பார்ப்பதற்கே அதிக நாள் உட்கார வேண்டும், ஆர்வம் வடியும். மிஞ்சிய மான்களும் பரணைக் கண்டால் மேலே பார்க்கக் கற்றுக்கொள்கின்றன, இரவில் மட்டும் நடமாடுகின்றன.

இன்னொன்று, புகலிடம். டெங்குக் காலத்தில் தெருவே தண்ணீர்த் தொட்டியை மூடிவைத்தும் ஒரே ஒரு வீடு திறந்துவைத்திருந்தால் கொசு போகாது அல்லவா. பத்துத் தோட்டக்காரர்கள் வேட்டைக்கு அனுமதித்து, நடுவில் இருக்கும் பெரிய நிலக்காரர் ஒருவர் மறுத்தால், செப்டம்பர் முடிவதற்குள் மந்தை அங்கே போய்விடும். மறுக்க அவருக்கு முழு உரிமையும் உண்டு. ஆனால் அதன் விளைவை மற்றப் பத்துத் தோட்டமும் சுமக்கிறது.

நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் இதை அனுபவித்துக் கண்டது. வழக்கமான வேட்டையைத் தாராளமாக்கியும் குறையாததால் 2001 முதல் தொழில்முறைத் துப்பாக்கிக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தியது. நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகம் வளாகத்துக்குள் பெண் மான்களுக்கு அறுவைச் சிகிச்சையில் கருக்குழாயைக் கட்டிப் பார்த்தது, சுற்றுக் காட்டில் வில்வேட்டையும் நடத்தியது. குட்டிகள் குறைந்தன, மொத்த எண்ணிக்கை எதிர்பார்த்தபடி குறையவில்லை. கருத்தரிக்காத பெண் மான் மாதாமாதம் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்ததால், வெளியிலிருந்து ஆண் மான்கள் கூட்டமாக உள்ளே வந்துவிட்டன. "கொல்வானேன், கருத்தடை செய்யலாமே" என்று கேட்பவர்களின் மனதை நான் மதிக்கிறேன். திறந்த காட்டில் அது அவ்வளவு எளிதில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

அடிபட்டுத் தப்பும் மான்

இதைச் சொல்லாமல் வில்வேட்டையைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. அம்பு பட்ட மான் எல்லாமே வேட்டைக்காரரின் கையில் கிடைப்பதில்லை. மேரிலாந்தில் இந்தியன் ஹெட் என்ற கடற்படைத் தளத்தில், தேர்வு வைத்துச் சேர்க்கப்பட்ட வில்வேட்டைக்காரர்களைக் கொண்டு ஏறக்குறைய இருபது ஆண்டுக் கணக்கை வைத்திருந்தார்கள். அடிபட்ட மான்களில் நூற்றுக்குச் சுமார் 18 கிடைக்கவில்லை. அவற்றில் சில எங்கோ இறந்திருக்கும், சில காயம் ஆறிப் பிழைத்திருக்கும்.

எண்ணிக்கைக் கணக்கில் இதற்குத் தீர்வு இருக்கிறது. கையில் வந்ததோடு இந்தப் பங்கையும் சேர்த்தே ஆண்டின் சாவைக் கணிக்கிறார்கள், அதனால் மந்தைக்கு எதிர்பாராத ஆபத்து வருவதில்லை. ஆனால் அந்த 18 மானின் வலிக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. தேர்வு வைத்த இடத்திலேயே இவ்வளவு என்பதால், ஊருக்குள் நடக்கும் வேட்டைக்குக் குறிபார்க்கும் தேர்வைக் கட்டாயமாக்க வேண்டும், அடிபட்டதை மோப்ப நாயைக் கொண்டு தேடுவதை ஊக்குவிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எங்கள் டவுன்ஷிப் கூட்டத்தில் இதைத்தான் கேட்டேன்.

பணம் எங்கிருந்து வருகிறது

"வேட்டைக்காரன்தான் காட்டைக் காப்பாற்றுகிறான்" என்பதில் உண்மை இருப்பது இங்கேதான். 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் ஒரு வரியை எடுத்து, அதை வனவிலங்குக்கே செலவிட வேண்டும் என்று ஒதுக்கியது. 1972இல் அதைத் திருத்தி வில்லையும் அம்பையும் சேர்த்தார்கள். வில்லுக்கு 11 சதவீதம். திட்டச் செலவில் நான்கில் மூன்று பங்கை மத்திய அரசு தரும், ஒரு பங்கை மாநிலம் போட வேண்டும். வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடும் மாநிலத்துக்கு இந்தப் பணம் கிடையாது. வாங்கப்பட்ட சதுப்பு நிலங்கள், மீட்கப்பட்ட வான்கோழி, எல்க் கூட்டங்கள் என்று இதன் பலன் கண்முன்னே நிற்கிறது. வேட்டையாடாத நானும் அந்த நிலங்களில் நடக்கிறேன்.

ஆனால் உரிமம் விற்ற பணத்தில் ஒரு துறை நடந்தால், உரிமம் வாங்குபவரின் விருப்பம் அதன் காதில் சற்று உரக்கவே விழும். வேட்டைக்காரருக்கு மான் நிறைய வேண்டும். காட்டுக்குக் குறைவாக வேண்டும். விஸ்கான்சினில் அந்த விதி நீங்கிய கதையில் இந்த இழுபறியைப் பார்த்தோம்.

குறைந்ததா என்று எப்படித் தெரியும்?

எங்கள் டவுன்ஷிப் ஆண்டு முடிவில் "இத்தனை மான் எடுக்கப்பட்டது" என்று ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணை வைத்து வெற்றி தோல்வி சொல்ல முடியாது. 60 மான் எடுத்தார்கள் என்றால், மொத்தம் 120 இருந்ததா 400 இருந்ததா, அறுபதில் பெண் எத்தனை என்று தெரிய வேண்டும்.

உண்ணிக்கடியால் வரும் லைம் நோயைக் காட்டி வேட்டையை நியாயப்படுத்துவதும் கவனமாகக் கேட்கவேண்டிய ஒன்று. லைம் நோயைப் பரப்பும் உண்ணி வளர்ந்தபின் மானின் ரத்தத்தைக் குடித்து முட்டையிடுகிறது என்பது சரி. ஆனால் உண்ணிக்கு அந்தக் கிருமியைத் தருவது மான் இல்லை. பெரும்பாலும் வெள்ளைக்கால் எலி போன்ற சிறு பிராணிகள்தான். மானைக் கொஞ்சம் குறைத்துவிட்டு நோய் குறையும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உண்மையான அளவுகோல் காட்டின் தரையில் இருக்கிறது. பென்சில்வேனியாவின் அலகெனி பீடபூமியில் பத்தாண்டு நடந்த ஆய்வில், வேலியடைத்த காடுகளில் வெவ்வேறு அடர்த்தியில் மான்களை வைத்தார்கள். சதுர மைலுக்கு 20 மானைத் தாண்டியபோது காட்டின் நடுமட்டத்தில் கூடுகட்டும் பறவைகள் குறையத் தொடங்கின. மிகக் குறைந்த அடர்த்தியோடு ஒப்பிட்டால் மிக அதிக அடர்த்தியில் அந்தப் பறவைகளின் எண்ணிக்கை 37 சதவீதம் குறைந்திருந்தது. மான் பறவையை ஒன்றும் செய்யவில்லை. பறவை கூடுகட்டும் புதரை மேய்ந்துவிட்டது.

கார்னெல் ஆய்வாளர்கள் இதை அளக்க எளிய வழி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பு ஓக் விதைகளை முளைக்கவைத்து, கன்றுகளைக் காட்டுக்குள் நடுகிறார்கள். சிலவற்றுக்குக் கம்பிக்கூண்டு, மற்றவை திறந்தபடி. ஓராண்டு கழித்துப் போய், திறந்த கன்றுகளில் எத்தனை கடிபட்டிருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். இந்த வசந்தத்தில் எங்கள் பூங்காக் காட்டில் அப்படி நாற்பது கன்றுகளை நட டவுன்ஷிப் அனுமதி தந்திருக்கிறது. இருபதுக்குக் கூண்டு போடுகிறோம்.